பெரட்டுக்களத்து ஆங்கிலமும் புதிய தலைமுறையும்

ஆங்கிலம் என்றால் உலகெங்கும் ஒரே ஆங்கிலந்தான் என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. பாடநூலில் உள்ளது சரியான ஆங்கிலம், அதற்கு வெளியே பேசப்படுவதெல்லாம் பிழையான ஆங்கிலம் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் ஆங்கிலம் வழங்கும் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை, வகுப்புக்கு வகுப்பு அதன் பேச்சு வழக்குகள் வேறுபடவே செய்கின்றன. இதனை அறிய லண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ செல்ல வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களே அதற்குப் போதிய சான்றாகும்.

'கண்டக்டர்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இன்று அது பெரும்பாலும் இசைக்குழுவை நெறிப்படுத்துபவரைக் குறிக்கும். கொழும்பில் பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவரைக் குறிக்கும். தோட்டத்திலோ மலையில் வேலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர்தான் கண்டக்டர். அவரைத் தொழிலாளர்கள் 'கண்டாக்கையா' என்று தமிழாக்கிக் கொண்டனர். 'பங்களா' என்ற சொல்லும் அத்தகையதே. இங்கிலாந்தில் மாடியில்லாத ஒரு சாதாரண வீட்டுக்கு அப்பெயர். ஓய்வுபெற்ற முதியவர்கள் விரும்பி வாங்கும் வீடு அது. எமது மலையகத்தில் பங்களா என்றாலோ தோட்டத்து அதிகாரத்தின் இருப்பிடம். அனுமதியின்றி அதன் படலையைத் தாண்டத் துணியாத காலம் ஒன்று இருந்தது.

நாம் நாளாந்தம் குடிக்கும் 'பிளேன் டீ' கூட இலங்கை ஆங்கிலந்தான். பாலில்லாத தேநீரை ஆங்கிலேயர் அப்பெயரால் அழைப்பதில்லை. 'டீ' என்ற சொல்லே வட இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களில் மாலை உணவைக் குறிக்கும். மேல்வகுப்பினருக்கோ அது மாலை நான்கு மணியளவில் அருந்தும் தேநீரும் சிற்றுண்டியும். 1954ஆம் ஆண்டில் அலன் ரோஸ் என்ற மொழியியற் பேராசிரியர், இங்கிலாந்தின் மேல்வகுப்பினர் வழங்கும் சொற்களையும் ஏனையோர் வழங்கும் சொற்களையும் பிரித்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். நான்சி மிட்போர்ட் என்ற எழுத்தாளர் அதனைப் பிரபலப்படுத்தியபோது, நடுத்தர வகுப்பினர் பலர் தமது வாயிலிருந்து எந்தச் சொல் தவறி விழுந்துவிடுமோ என்று அஞ்சும் நிலை ஏற்பட்டது. சொல்லைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் ஆங்கிலம் பிறந்த மண்ணிலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மலையகத்தை நோக்குவது பொருத்தமாகும்.

இலக்கணம் அறிந்த உண்மை

குழுவுக்கொரு சொல் என்பது தமிழுக்குப் புதிய செய்தியன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் மாத்திரம் விளங்கும் வண்ணம் ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதை எமது இலக்கண நூலார் 'குழூஉக்குறி' என்றனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணங்கள். சொல் காலப்போக்கில் சிதைந்து வழங்குவதை 'மரூஉ' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டதும் அதே மரபுதான். இன்று மொழியியலாளர் ஆய்வு செய்யும் விடயங்களுக்கு எமது முன்னோர் அன்றே பெயர் சூட்டி, அவற்றை வழக்கின் ஒரு பகுதியாக மதித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தோட்டத்துத் தமிழில் கலந்துள்ள ஆங்கிலம் பிழையன்று, மரூஉ என்பது புலனாகும். காலையில் தொழிலாளரை ஒன்றுதிரட்டி வேலை பகிரும் இடம் 'பெரட்டுக்களம்'. 'பரேட்' என்ற படைத்துறைச் சொல்லின் திரிபே பெரட்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் லயன் என்றாகி, பின்னர் லயம் என்றானது. லயத்தின் ஒவ்வோர் அறையும் 'காம்பிரா'. குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் 'பிள்ளைக் காம்பிரா'. அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் மூலம். ஒப்பந்த வேலையைக் குறிக்கும் 'கொந்தரப்பு' என்பதும் ஐரோப்பியர் வழி வந்ததே. தேயிலைத் தொழிற்சாலை 'ஸ்டோர்' எனப்படுவது கோப்பிக் காலத்தின் எச்சமாகும். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. கோப்பிக் கொட்டையைப் பதப்படுத்திய கட்டடத்தின் பெயரோ தேயிலைக்குக் கைமாறி இன்றுவரை பேச்சில் வாழ்கிறது.

மறுபுறத்தில், வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் பேசிய ஆங்கிலமும் தூய ஆங்கிலமாக இருக்கவில்லை. தோட்ட முகாமையாளர் 'பெரிய துரை', அவருடைய உதவியாளர் 'சின்ன துரை'. இவ்விரு தமிழ்ப் பெயர்களின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் எடுத்து 'பீ.டீ.', 'எஸ்.டீ.' என்று அவர்கள் சுருக்கிக் கொண்டனர். தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னரும், இந்நாட்டு முகாமையாளர்களின் ஆங்கிலத்தில் அச்சுருக்கங்கள் நிலைத்துவிட்டன. தொழில் பழக வந்த வெள்ளைக்கார இளைஞனைத் துரைமார் தமக்குள் 'கிரீப்பர்' என்றனர். ஊர்ந்து பழகுபவன் என்பது அதன் பொருள். இதுவும் ஒரு குழூஉக்குறியே. கங்காணி, கணக்கப்பிள்ளை, கம்பளி, தபால், துண்டு ஆகிய சொற்களெல்லாம் துரைமாரின் ஆங்கிலத்தில் நாளாந்தம் புழங்கின. கணக்கப்பிள்ளை என்ற சொல் 'கொனிகொப்பொலி' என உருமாறி, 1886இல் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியிலே இடம்பிடித்தது. தமிழனின் நாவில் ஆங்கிலம் சிதைந்தது என்று நகைப்போர், ஆங்கிலேயனின் நாவில் கணக்கப்பிள்ளை பட்ட பாட்டையும் கவனிக்க வேண்டும்.

அவர்கள் எடுத்ததும் நாம் எடுத்ததும்

இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினர் என்று இதனைச் சமன்செய்து விட்டுவிட முடியாது. யார் எவ்வகைச் சொல்லை எடுத்தார் என்பதிலேதான் இந்த வரலாற்றின் உட்கிடை உள்ளது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிதாக வரும் சின்ன துரைமாருக்கெனக் கொழும்பில் ஒரு தமிழ்க் கைந்நூல் அச்சிடப்பட்டது. ஏ.எம். பெர்குசன் தொகுத்த அந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதுதான். 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவர் இதே நோக்குடன் வெளியிட்ட நூலுக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர். தமிழைக் கற்க விரும்பிய துரை முதலில் கற்றது ஏவல் வினையை. அதுவும் மரியாதையற்ற ஒருமை ஏவலை. 'வாருங்கள்' என்று விளிப்பதற்கு அவருக்குத் தேவை ஏற்படவில்லை.

தொழிலாளி எடுத்துக்கொண்ட ஆங்கிலமோ வேறு வகையானது. பெரட்டு, லயம், ஸ்டோர், செக்ரோல், கிளாக்கர், டிவிசன், நோம் ஆகிய யாவும் பெயர்ச்சொற்கள். எந்த மொழியும் பிற மொழியிலிருந்து பெரும்பாலும் பெயர்களையே கடன்கொள்ளும் என்பது மொழியியலின் பொதுவான கூற்றுத்தான். ஆயினும் இங்கு அதற்கு மேலான காரணம் ஒன்றுண்டு. தன்னை எண்ணும் புத்தகம், தான் உறங்கும் இடம், தான் நிற்க வேண்டிய களம், தான் பறிக்க வேண்டிய அளவு ஆகியவற்றின் பெயர்கள் மாத்திரமே தொழிலாளியிடம் வந்து சேர்ந்தன. கேட்பதற்கும் மறுப்பதற்கும் முறையிடுவதற்கும் உரிய ஆங்கில வாக்கியங்கள் அவருக்கு எட்டவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிடின் 'அரைப்பேர்' தான் விழும். இதனையே துரைமார் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஹாப் நேம்' என்றனர். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அச்சொற்றொடர் விளங்காது. ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக்கினால் அவனுடைய கூலி பாதியாகும் என்ற கணக்கு இத்தோட்டங்களிலேயே வழங்கியது. கங்காணிக்கு, வேலைக்கு வரும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என வழங்கப்பட்ட பணம் 'பென்ஸ் காசு' எனப்பட்டது. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு 'துண்டு'. அத்துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. ஒரு சிறு காகிதத்தைக் குறித்த எளிய தமிழ்ச்சொல், மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய ஒரு முறைமையின் பெயராக ஆங்கிலத்தில் ஏறியது என்பதை மறந்துவிடலாகாது.

நகரத்தின் நாவுகள்

தோட்டத்துப் பேச்சைத் தோட்டத்தோடு மாத்திரம் நிறுத்திவிடுவதும் முறையன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கம்பளை முதலிய நகரங்களின் முஸ்லிம் வர்த்தகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட மக்களோடு தமிழிலேயே கொடுக்கல் வாங்கல் செய்து வந்துள்ளனர். சம்பள நாளில் தொழிலாளி கடையில் தீர்க்கும் 'பாக்கி'யும், கடைக்காரர் செய்யும் 'வசூலும்' அரபு மூலச் சொற்கள். அவை தமிழாகவே ஆகிவிட்டமையால் அவற்றின் ஊரை எவரும் கேட்பதில்லை.

1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது மலாய் வீரர்களுட் பலர் பொலிஸ் சேவையிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர். வீட்டில் மலாய், மலையில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், சந்தையில் சிங்களம் எனப் புழங்கிய குடும்பங்கள் மலைநாட்டில் இருந்தன. மொழிக்கலப்பு குறையென்றால், அக்குடும்பங்களின் பன்மொழித் திறமையையும் குறையென்றே கூறவேண்டி வரும்.

இதன் மறுமுனையாக, எமது சொற்கள் நாடு முழுவதற்கும் உரியனவாகவும் ஆகியுள்ளன. உறவுமுறைப் பெயரான 'மச்சான்' இன்று சிங்கள, முஸ்லிம், தமிழ், பறங்கி இளைஞர் அனைவருக்கும் பொதுவான விளி. கொழும்பின் ஆங்கிலம் பேசும் கல்லூரி மாணவனும் தன் ஆங்கில வாக்கியத்தை அச்சொல்லால்தான் முடிக்கிறான். 2025இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இலங்கை ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டபோது, கொத்து ரொட்டியும் எமது முஸ்லிம் இல்லங்களின் பெருநாள் இனிப்பான வட்டிலப்பமும் அவற்றுள் இடம்பெற்றன. லண்டனின் பல்லின இளைஞர் பேச்சிலோ 'வல்லாஹி' என்ற அரபுச் சொல் முஸ்லிம் அல்லாதோர் வாயிலும் வழங்குகிறது. ஆங்கிலம் இவ்வாறு எல்லாத் திசைகளிலிருந்தும் வாங்கியே வளர்கிறது. இந்நிலையில், மலையகத்தார் தமது வழக்கைக் குறித்து மாத்திரம் ஏன் கூச வேண்டும்?

பாட்டியின் துரை, பேரனின் மெனேஜர்

தலைமுறைகள் மாறுவதைச் சொற்களைக் கொண்டே அளக்கலாம். பாட்டி 'தொரை' என்கிறார். அவருடைய மகள் 'தொரை' என்றும் 'மெனேஜர்' என்றும் இடத்துக்கேற்ப மாற்றிச் சொல்கிறார். பேரன் 'மெனேஜர்' என்றே சொல்கிறான். இதனை நாகரிக மோகம் என்று கடிந்துகொள்வோர் உண்டு. ஆனால் துரை என்ற சொல்லில் ஆண்டான் ஒருவன் இருக்கிறான். மெனேஜர் என்ற சொல்லில் சம்பளம் பெறும் இன்னோர் உத்தியோகத்தர் மாத்திரமே இருக்கிறார். பேரன் தன்னை அறியாமலேயே தான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டு விட்டான். கொச்சை வழக்கு மாறும்போது மாறுவது ஒலி மாத்திரமன்று, பேசுபவரின் நிலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்ற இளைஞரும் யுவதியரும் திரும்பி வரும்போது புதிய சொற்களோடு வருகின்றனர். ஷிப்ட், ஓ.டி., டார்கெட், ரீலோட், டெலிவரி, லொக்கேஷன் என அவை நீளும். இவற்றுள் இறுதிச் சொல் சிந்திக்கத்தக்கது. தோட்டங்கள் பலவற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்த தபால் முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டன. முகவரியற்ற லயத்துப் பிள்ளை தன் தொலைபேசியில் 'லொக்கேஷன் அனுப்பு' என்று சொல்லும்போது, பல தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒன்றைத் தானே ஏற்படுத்திக்கொள்கிறது.

அதேவேளை, இப்புதிய சொற்களைப் பேசும் பிள்ளைக்குப் பழைய சொற்கள் விளங்குவதில்லை. பெரட்டு என்றால் என்ன, பென்ஸ் காசு என்றால் என்ன, அரைப்பேர் ஏன் விழுந்தது என்று இன்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் முதியவர்களே. ஒரு சொல் மறைந்தால் அதனோடு அச்சொல்லுக்குள் இருந்த ஒரு கணக்கும் மறைந்துவிடும்.

கேலி என்னும் தடை

இனி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். மலையகத்துப் பிள்ளை 'இஸ்கூல்' என்று சொன்னால் நகரத்தில் சிரிப்பு எழுகிறது. அச்சிரிப்புக்கு அஞ்சி, நேர்முகப் பரீட்சையிலே வாய்திறக்கத் தயங்கும் இளைஞர்கள், தான் பிறந்த தோட்டத்தின் பெயரை மறைத்து 'ஹட்டன்' என்று மாத்திரம் சொல்லிக்கொள்ளும் இளைஞர்கள் எம்மிடையே உள்ளனர். 'தோட்டக்காட்டான்' என்ற வசைச் சொல் இந்த அச்சத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதனை வழங்கியவர்களில் தமிழ் பேசும் ஏனைய மக்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகையால் பிறமொழிப் பெயர்களின் முன்னே இகரமோ உகரமோ சேர்த்து இராமன், இலட்சம், உரோமம் என்று எழுதினோம். அதனைச் செந்தமிழ் என்று போற்றுகிறோம். அதே விதியின்படி அதே இகரத்தைச் சேர்த்து ஒரு தொழிலாளியின் பிள்ளை இஸ்கூல் என்றால் மாத்திரம் நகைக்கிறோம். பிரெஞ்சு மொழியிலும் பாடசாலையைக் குறிக்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தபோது முன்னால் ஓர் உயிரெழுத்தைப் பெற்றே 'எகோல்' ஆனது. ஸ்பானியரும் அவ்வாறே செய்தனர். அவர்களை எவரும் நகைப்பதில்லை. நகைப்பு எழுவது ஒலியைக் கேட்டன்று, ஒலித்தவர் யார் என்பதைப் பார்த்தே.

இக்கேலி தமிழருக்கு மாத்திரம் உரியதுமன்று. ஒலி வேறுபாட்டைப் பிடித்து 'நொட் பொட்' ஆங்கிலம் என்று கிராமத்துச் சிங்கள இளைஞரையும் கொழும்பின் மேற்தட்டினர் எள்ளி வந்துள்ளனர். சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்குச் சூட்டிய குழூஉக்குறி 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே அவர்கள் அம்மொழியைக் கண்டனர். இதனை ஆராய்ந்து 1984இல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதியவர் திரு கந்தையா என்ற தமிழ் மொழியியலாளர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தோட்டத்துப் பிள்ளையும் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் இவ்விடயத்தில் ஒரே வாளின் கீழேயே நிற்கின்றனர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு உண்டு. கோடை விடுமுறைக்கு வரும் செல்வந்தர்கள் அத்தீவை நிறைத்துக்கொண்டிருந்த காலத்தில், வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அங்குள்ள மீனவர் முதலியோரின் பேச்சை ஆராய்ந்து 1963இல் முடிவுகளை வெளியிட்டார். தீவிலேயே வாழ உறுதிபூண்ட இளைஞர்கள் பழைய மீனவர்களின் உச்சரிப்பை இறுகப் பற்றிக்கொண்டிருந்தனர். வெளியேற எண்ணியவர்களோ அதனைக் கைவிட்டிருந்தனர். உச்சரிப்பு அறியாமையின் விளைவன்று, 'நான் இன்ன ஊரான்' என்ற அறிவிப்பு என்பதை அவ்வாய்வு உணர்த்தியது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறும் இளைஞனின் நாவிலும் இதே இழுபறிதான் நிகழ்கிறது.

எதனைக் காப்பது, எதனை விடுவது?

இதனால் தோட்டத்து வழக்கு அனைத்தையும் போற்றிக் காக்க வேண்டும் என்று வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். சொற்களைத் தரம் பிரிக்க வேண்டும். பெரட்டு, காம்பிரா, அரைப்பேர் என்பன ஒரு சமூகத்தின் உழைப்பு வரலாறு. அவை தொகுக்கப்பட வேண்டும். கூலி என்பது வேறு விடயம். உழைப்புக்குத் தரும் பணத்தைக் குறிக்கும் வரை அது நல்ல தமிழ்ச்சொல். மனிதனைக் குறிக்கும் பெயராக அது ஆங்கிலத்தில் வழங்கியபோது இழிசொல்லாயிற்று. அச்சொல்லின் மூலம் தமிழ்க் கூலியா, குஜராத்தின் கோலி என்ற சாதிப்பெயரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பட்ட அவமதிப்பில் எவருக்கும் ஐயமில்லை. பேரன் துரையைக் கைவிட்டது போல, இத்தகைய சொற்கள் போவதே நன்று.

அடுத்து, பொது ஆங்கிலம் வேண்டாம் என்பதும் எமது கருத்தன்று. மாறாக, அது முழுமையாக வேண்டும். தொழிலாளியின் சம்பளச் சீட்டில் ஈ.பீ.எப்., ஈ.டீ.எப். என்ற எழுத்துகள் மாதந்தோறும் வருகின்றன. அவையும் இன்று தோட்டத்துப் பேச்சில் சொற்களாகிவிட்டன. ஆனால் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் சேர வேண்டும் என்பதையும், 1980ஆம் ஆண்டின் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில் தருநரே செலுத்த வேண்டும் என்பதையும் அந்த எழுத்துகள் தாமாகச் சொல்வதில்லை. பெயரை அறிந்து கணக்கை அறியாதிருப்பது, செக்ரோல் என்ற பெயரை அறிந்து அதில் எழுதப்பட்டதை வாசிக்க முடியாதிருந்த பழைய நிலையின் தொடர்ச்சியே ஆகும்.

அந்நிலையை உடைத்தவர்கள் மலையக வரலாற்றில் இருந்தனர். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர், தமிழில் தொழிலாளரை அணிதிரட்டியதோடு ஆங்கிலத்திலும் எழுதித் துரைமாரின் ஆட்சியைச் சாடினார். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். 'உழைக்கப் பிறந்தவர்கள்' எனத் தமிழில் அறியப்படும் அவரது ஆங்கில நூல் 1970இல் வெளியானது. இவ்விருவரும் தமது மக்களின் பேச்சைக் குறித்துக் கூசவில்லை. துரையின் மொழியிலேயே துரைக்குப் பதில் சொல்லவும் தவறவில்லை. ஏவலும் பெயரும் மாத்திரம் நடமாடிய இடத்தில், மறுக்கவும் கேட்கவும் வல்ல முழு வாக்கியங்களை அவர்கள் கொண்டு வந்தனர்.

பாடசாலைகள் இவ்வழியே செல்ல வேண்டும். 'லயம்' என்பது பிழை என்று பிள்ளையைத் தண்டிக்கும் ஆசிரியர் ஆங்கிலத்தின் மீது அச்சத்தை விதைக்கிறார். லைன் எவ்வாறு லயமாயிற்று என்று விளக்கும் ஆசிரியரோ ஒரே பாடத்தில் ஆங்கிலத்தையும் தமிழையும் வரலாற்றையும் கற்பித்துவிடுகிறார். வீட்டில் பேசுவது ஒன்று, விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது மற்றொன்று, இரண்டும் அதனதன் இடத்தில் சரியானவை என்று பிள்ளைக்கு உணர்த்துவதே முறையாகும். ஓய்வுபெற்ற கங்காணிமார், கொழுந்து பறித்த பெண்கள், தோட்டங்களில் பணியாற்றிய மலாய்க் குடும்பத்தினர், நகரத்துப் பழைய முஸ்லிம் வர்த்தகர்கள் ஆகியோரிடம் மாணவர்களை அனுப்பிச் சொற்களைத் திரட்டச் செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கொப்பியும் பொறுமையுமே போதும். தமிழ் மொழிப் பல்கலைக்கழகத் துறைகளும் இதில் கைகொடுக்க வேண்டும்.

தமக்குப் பிறர் இட்ட பெயர்களை மலையக மக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி வந்துள்ளனர். ஆங்கில ஆவணங்களில் கூலிகள் என்றும், இந்தியத் தொழிலாளர் என்றும், இந்தியத் தமிழர் என்றும் அவர்கள் குறிக்கப்பட்டனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் ஆங்கிலப் பதிவுகளில் இந்தியத் தமிழர் என்பதன் அருகே 'மலையகத் தமிழர்' என்ற தமிழ்ப் பெயர் மொழிபெயர்க்கப்படாமல் அவ்வாறே எழுதப்பட்டது. துரைமாரின் ஆங்கிலத்தில் கங்காணியும் துண்டும் ஏறியபோது அவற்றை ஏற்றியவர்கள் துரைமார். இப்பெயரை ஏற்றியவர்களோ அம்மக்களே. சொந்தப் பெயரை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தும் ஆற்றல் பெற்ற ஒரு சமூகத்தின் பிள்ளைகள், இஸ்கூல் என்ற ஒலிக்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அந்த இஸ்கூலில் அவர்களுக்கு முழுமையான ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறதா என்பதையே கல்வி அதிகாரிகளும் பெற்றோரும் தொழிற்சங்கங்களும் இனிக் கேட்க வேண்டும்.